மண் ஆய்வு அறிக்கையைப் படித்து வடிவமைப்பு எண்களைத் தேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாக அடித்தளம் வடிவமைக்க உட்காரும் இளம் பொறியாளர்களும், சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சைட்டில் அளந்தது ஒன்று, அதிலிருந்து கணித்தது இன்னொன்று, கணக்கில் கடைசியாகப் போடும் எண் மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எஸ்.பி.சி. என்று ஓர் எண் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. எஸ்.பி.சி., அதாவது பாதுகாப்பான தாங்குதிறன், மண்ணின் குணம் அல்ல. ஃபூட்டிங் (தூணின் சுமையை மண்ணுக்குக் கடத்தும் அகலமான அடிப்பகுதி) எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குவதை, அதாவது இறக்கத்தை, அனுமதிக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். ஒன்றரை மீட்டர் அகல ஃபூட்டிங்குக்கு, 25 மி.மீ. இறக்கத்துக்குக் கணக்கிட்ட எண்ணை நீங்கள் ஐந்து மீட்டர் அகல ஃபூட்டிங்குக்குப் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போர்ஹோல் லாக், அதாவது துளையிடும்போது எழுதிய பதிவு, இருக்கும் பக்கங்களைத் திறங்கள். எந்த ஆழத்தில் என்ன மண், எத்தனை சுத்தியல் அடி, தண்ணீர் எங்கே என்ற மூலத் தகவல் அங்கேதான் இருக்கிறது.

‘என்’ (N) மதிப்பு என்கிறார்களே, அது என்ன?

எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) சோதனையில் கிடைக்கும் எண்ணிக்கை. துளைக்குள் 50.8 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு 45 செ.மீ. ஆழத்துக்கு அடிக்கிறார்கள். ஒவ்வொரு 15 செ.மீட்டருக்கும் எத்தனை அடி என்று எழுதுகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அங்கே மண் ஏற்கெனவே கலைந்திருக்கும். அடுத்த இரண்டின் கூட்டுத்தொகைதான் என். நம் நாட்டில் இதற்கான நெறி ஐ.எஸ். 2131.

லாகில் மூன்று எண்களும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 4, 5, 5 என்றிருந்தால் என் 10, மண் சீராக இருக்கிறது. 2, 3, 17 என்றிருந்தால் என் 20 வரும். ஆனால் அது எந்த மண்ணின் குணமும் இல்லை. குழாய் பாதி வழியில் மெத்தென்ற அடுக்கைத் தாண்டிக் கெட்டியான அடுக்கில் நுழைந்திருக்கிறது, அல்லது ஒரு கல்லில் முட்டியிருக்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் அச்சடித்துத் தரும் ரிப்போர்ட்டில் இந்தச் செய்தி காணாமல் போய்விடும்.

சைட்டில் எடுத்த என் மதிப்பை எதற்குத் திருத்த வேண்டும்?

ஒரே அடர்த்தியுள்ள மணல் ஆழம் போகப்போக அதிக அடி வாங்கும், மேலே இருக்கும் மண் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால். அந்த விளைவை நீக்கினால்தான் ஒரு ஆழத்து எண்ணை இன்னொரு ஆழத்தோடு ஒப்பிட முடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நுண்மணல், தண்ணீர் 2 மீட்டரில். தண்ணீருக்கு மேலே மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், கீழே 19. மூன்று மீட்டரில் என் 10, எட்டு மீட்டரில் என் 22. லாகைப் பார்த்தவுடன் கீழே இருக்கும் மணல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று தோன்றும்.

மூன்று மீட்டரில் பயனுறு அழுத்தம் (மேலுள்ள மண்ணின் எடையில் தண்ணீரின் அழுத்தத்தைக் கழித்தது) சுமார் 45 கிலோபாஸ்கல், எட்டு மீட்டரில் சுமார் 91. வழக்கத்திலுள்ள திருத்தக் காரணி, 2000ஐ அந்த அழுத்தத்தால் வகுத்து, 10ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை (log) எடுத்து, 0.77ஆல் பெருக்கினால் வருவது. மேலே 1.27, கீழே 1.03. ஆக 10 என்பது 13 ஆகிறது, 22 என்பது 23 ஆகிறது. அடுத்த திருத்தம் தண்ணீருக்குக் கீழே உள்ள நுண்மணலுக்கும் மணல் கலந்த வண்டலுக்கும் மட்டும். அடி விழும் வேகத்தில் இந்த மணல் விரியப் பார்க்கும், தண்ணீர் உடனே உள்ளே வர முடியாது, அதனால் மண் தன் உண்மையான வலிமையைவிடக் கெட்டியாக நடிக்கும். எனவே 15க்கு மேல் உள்ள பகுதியைப் பாதியாக்குகிறோம்: 23 என்பது 19 ஆகிறது. 10க்கும் 22க்கும் இருந்த இடைவெளி 13க்கும் 19க்கும் ஆகச் சுருங்கிவிட்டது.

களிமண்ணுக்கு இந்த இரண்டு திருத்தங்களும் கிடையாது. எல்லா அடுக்குக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்துவிட்ட எக்ஸெல் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுத்தியல் அடிக்கும் விதத்தால் எண் மாறுமா?

நன்றாக மாறும். முக்காலி நிறுத்தி, விஞ்சில் கயிறு சுற்றி, ஆள் கையால் விடும் முறையில் சுத்தியலின் ஆற்றல் முழுவதும் குழாய்க்குப் போய்ச் சேராது. கயிறு உருளையில் உராயும், தூக்கும் உயரம் கண் மதிப்பில் இருக்கும், மாலையில் ஆள் களைத்துவிட்டால் 75 செ.மீ. என்பது 60 ஆகும். உயரம் குறைந்தால் அடி அதிகம் தேவைப்படும், என் கூடும், மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். அதனால்தான் உலகளவில் 60 விழுக்காடு ஆற்றலுக்குச் சமமாக மாற்றிய என் மதிப்பைக் கேட்கிறார்கள். சைட்டுக்குப் போனால் வழிகாட்டிக் கம்பியில் 75 செ.மீ. குறி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். மணலில் துளை போடும்போது துளைக்குள் தண்ணீர் அல்லது பெண்டோனைட் (களிக்குழம்பு) மட்டம் வெளியிலுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே போய்விட்டால், வெளித் தண்ணீர் அடியிலிருந்து உள்ளே பாயும். மணல் கொதித்துத் தளர்ந்துவிடும். நல்ல மணலிலும் என் 5, 6 என்று வரும். சுற்றிலும் 18, 20 இருக்க ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று 5 வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மணலுக்கு உராய்வுக் கோணம் எவ்வளவு எடுக்கலாம்?

உராய்வுக் கோணம் என்பது மண் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்காமல் எதிர்க்கும் வலிமையின் அளவு. மணலைக் கலையாமல் லேபுக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய நடக்காத காரியம். எனவே மணலுக்கு எஸ்.பி.டி. அல்லது கூம்புச் சோதனையிலிருந்து (கூம்பு முனைக் கம்பியை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பை அளப்பது) கணிப்பதுதான் நடைமுறை. மேலே பார்த்த 13க்குச் சுமார் 31 பாகை, 19க்குச் சுமார் 32½ பாகை வரும். கோணத்தில் வெவ்வேறு சூத்திரங்களுக்கிடையே ஓரிரு பாகை, சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசம் இருக்கும். சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள், தாங்குதிறன் காரணிகள் கோணத்தோடு மிக வேகமாக ஏறுபவை.

மீள்மக் குணகம், அதாவது சுமைக்கு மண் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற அளவு, இன்னும் மோசம். நூல்களில் புழங்கும் ஒரு சூத்திரம் என் மதிப்போடு 15ஐக் கூட்டி 500ஆல் பெருக்கச் சொல்கிறது. நீரில் மூழ்கிய மணலுக்கு அதே சூத்திரம் 250ஆல் பெருக்கச் சொல்கிறது. 19க்கு ஒன்று 17,000 கிலோபாஸ்கல், மற்றொன்று 8,500. இறக்கக் கணக்கு அப்படியே இரட்டிப்பாகும். ஆகவே மணலில் இறக்கத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லும் ரிப்போர்ட்டை ஒரு வரம்பாகவே படிக்க வேண்டும்.

களிமண்ணிலும் என் மதிப்பை வைத்து வலிமை சொல்லலாமா?

கெட்டியான களிமண்ணில் ஓரளவு சொல்லலாம். நீர் வடியாத நிலையில் (சுமை வேகமாக ஏறி, மண்ணிலுள்ள தண்ணீர் வெளியேற நேரமில்லாத நிலை) வெட்டு வலிமை கிலோபாஸ்கலில் என் மதிப்பைப் போல 4 முதல் 6 மடங்கு என்று 1974இல் ஸ்ட்ரவுட் தந்த உறவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (களிமண் உடையாமல் பிசைய வரும் ஈர வரம்பின் அகலம்) கூடக்கூட இந்த மடங்கு குறையும். அவர் வைத்திருந்த தரவு பிரிட்டனின் கெட்டியான களிமண்களுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

மெத்தென்ற களிமண்ணில் வேண்டாம். அங்கே என் 1, 2, 3 என்று வரும், சில சமயம் கம்பிகளின் சொந்த எடையிலேயே குழாய் இறங்கிவிடும். ஓர் அடி கூடவோ குறையவோ எண்ணினால் வலிமை பாதியாகிவிடும் அல்லது இரட்டிப்பாகிவிடும். அங்கே ஐ.எஸ். 4434படி வேன் சோதனை (நான்கு தகடுள்ள கம்பியை மண்ணுக்குள் செருகித் திருப்பி வலிமையை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். வேன் தரும் எண்ணையும் அப்படியே எடுக்கக் கூடாது. பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 20 அளவில் இருந்தால் திருத்தம் தேவையில்லை. அதற்கு மேலே போகப்போகக் குறைக்க வேண்டும் என்று பியெரம் (Bjerrum) 1972இல், சரிந்த மண்கரைகளைத் திரும்ப ஆராய்ந்து காட்டினார்.

இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. முன்பு அதிகச் சுமையைத் தாங்காத மெத்தென்ற களிமண்ணுக்கு, வலிமையை அந்த ஆழத்துப் பயனுறு அழுத்தத்தால் வகுத்தால் வரும் விகிதத்தை ஸ்கெம்ப்டன் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸோடு இணைத்தார்: இண்டெக்ஸை 0.0037ஆல் பெருக்கி 0.11 கூட்ட வேண்டும். இண்டெக்ஸ் 40 என்றால் விகிதம் சுமார் 0.26. தண்ணீர் ஒரு மீட்டரில், மண்ணின் எடை கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் என்றால் நாலு மீட்டர் ஆழத்தில் பயனுறு அழுத்தம் சுமார் 35 கிலோபாஸ்கல். எதிர்பார்க்க வேண்டிய வலிமை 9 கிலோபாஸ்கல்தான். உங்கள் ரிப்போர்ட் அதே இடத்தில் 40 என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வெயிலில் காய்ந்து இறுகிய மேல் ஓடாக இருக்கலாம், ஆனால் நாலு மீட்டர் வரை அது அரிது. பழங்காலத்தில் மேலே அதிகச் சுமை இருந்திருக்கலாம். அல்லது மாதிரியைத் திறந்த நிலையில் வைத்து, லேபுக்குப் போவதற்குள் அது காய்ந்திருக்கலாம். காரணம் கிடைக்காதவரை 40ஐ நம்பாதீர்கள்.

தாங்குதிறன் சரியாக வந்துவிட்டால் இறக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

மெத்தென்ற களிமண் இருக்கும் இடத்தில் இறக்கம்தான் முதல் கேள்வி. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான மனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் முதலில் செய்வது கிராவல் கொட்டி மனையை உயர்த்துவது. 1.6 மீட்டர் உயரம் கொட்டினால் அது மட்டுமே சதுர மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் சுமை. வீடு இன்னும் வரவே இல்லை.

மூன்று மீட்டர் தடிமன் களிமண், நீர்மை வரம்பு (களிமண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) 70, வெற்றிட விகிதம் (துகள்களின் கன அளவோடு ஒப்பிட்ட இடைவெளிகளின் கன அளவு) 1.6, நடுவில் இப்போதுள்ள அழுத்தம் 35 கிலோபாஸ்கல் என்று வைப்போம். நீர்மை வரம்பிலிருந்து 10ஐக் கழித்து 0.009ஆல் பெருக்கினால் அமுக்கக் குறியீடு, அதாவது மண் எவ்வளவு அமுங்கும் என்ற அளவு, 0.54. இந்த 30 கிலோபாஸ்கல் கூடுதலுக்குக் கணக்குப் போட்டால் இறக்கம் 16, 17 செ.மீ. வருகிறது. அதுவும் ஒரே நாளில் இல்லை, தண்ணீர் மெல்ல வடிய வடியப் பல ஆண்டுகள். பைல் (ஆழத்துக்கு இறங்கும் தூண் அடித்தளம்) போட்டுவிட்டேன், எனக்கென்ன என்று இருக்க முடியாது. சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும், அந்த இழுவைச் சுமையையும் பைல் தாங்க வேண்டும். எத்தனை உயரம் நிரப்பப் போகிறீர்கள் என்பதை ஆய்வு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

0.009 சூத்திரம் தோராயமானது. இறக்கம் பத்து செ.மீட்டரைத் தாண்டும் போலிருந்தால் கலையாத மாதிரி எடுத்து ஒடுக்கச் சோதனை (கன்சாலிடேஷன் டெஸ்ட்) செய்துவிடுவதுதான் சரி.

லேப் ரிப்போர்ட்டில் ஒட்டுமை, உராய்வுக் கோணம் இரண்டும் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

எந்த மாதிரியில் சோதனை செய்தார்கள் என்று பாருங்கள். எஸ்.பி.டி. குழாயின் சுவர் தடித்தது, அதன் பரப்பு விகிதம் (சுவரின் வெட்டுப் பரப்பை உள்ளே வரும் மண்ணின் வெட்டுப் பரப்பால் வகுத்தது) 110 விழுக்காட்டுக்கு மேல். கலையாத மாதிரிக்கு 10 விழுக்காடு அளவில் இருக்கும் மெல்லிய சுவர்க் குழாய் வேண்டும். எஸ்.பி.டி. குழாயில் வந்த மண்ணை அள்ளிப் பெட்டியில் அமுக்கி டைரக்ட் ஷியர் (வெட்டு வலிமைச் சோதனை) செய்தால், கிடைக்கும் கோணம் லேப் உதவியாளர் அமுக்கிய அடர்த்திக்கு உரியது. சல்லடை, நீர்மை வரம்பு போன்ற வகைப்பாட்டுச் சோதனைகளுக்கு அந்த மாதிரி தாராளமாகப் போதும்.

நீர் வடியும் நிலை, வடியாத நிலை என்ற வேறுபாடு வடிவமைப்பில் அவ்வளவு முக்கியமா?

உயிர் போகும் அளவுக்கு முக்கியம். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலை அருகே, சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு சுட்டிய முக்கியப் பிழைகள் இரண்டு. ஒன்று, தாங்குச் சட்டங்களை இணைத்த இடத்தில் எஃகு வடிவமைப்பு போதவில்லை. இன்னொன்று மண் சார்ந்தது. மெத்தென்ற கடல் களிமண்ணை நீர் வடியாத நிலையில் கணக்கிட, கணினி மாதிரியில் பயனுறு அழுத்தத்துக்கான ஒட்டுமையையும் கோணத்தையும் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் அந்த எளிய மாதிரி, களிமண் சுருங்க முயன்று துளைநீர் அழுத்தம் (துகள்களுக்கிடையே உள்ள தண்ணீரின் அழுத்தம்) ஏறுவதைக் காட்டாது. வலிமை உண்மையைவிட அதிகமாக வந்துவிடும். பள்ளத்தைத் தாங்கும் சுவரின் வளைவும் விசைகளும் குறைவாகத் தெரியும்.

அந்த ஒட்டுமையும் கோணமும் அந்தக் களிமண்ணுக்கே உரியவையாக இருந்தாலும் இந்தப் பிழை வரும். மெத்தென்ற களிமண்ணில் பள்ளம் தோண்டும் கட்டத்துக்கு, வேனிலோ கூம்பிலோ அளந்த நீர் வடியாத வலிமையை நேரடியாகக் கொடுங்கள். மென்பொருள் எந்த வலிமையைப் பயன்படுத்துகிறது என்பதை ஆழத்தோடு வரைந்து, சைட் அளவீட்டின் மேல் வைத்துப் பாருங்கள்.

எத்தனை போர்ஹோல், எவ்வளவு ஆழம்?

சுமார் ஓர் ஏக்கர் அளவுள்ள கட்டட மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்று என்பது ஐ.எஸ். 1892 சொல்லும் வழக்கம். சிறிய, முக்கியத்துவம் குறைந்த கட்டடத்துக்கு நடுவில் ஒன்றே போதும் என்றும் சொல்கிறது. என் கருத்தில், சின்ன வீட்டுக்கும் இரண்டாவது துளைக்கு ஆகும் செலவு வீண் போகாது. ஒரே துளையில் அடுக்கு சாய்வாக இருக்கிறதா என்று தெரியவே தெரியாது.

ஆழத்துக்கு, அடித்தள அகலத்தின் ஒன்றரை மடங்காவது. ஃபூட்டிங்குகள் நெருக்கமாக இருந்தால் கட்டடத்தின் முழு அகலத்தையே எடுக்க வேண்டும். இதற்குக் கனடாவின் டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கைவிடத் தெளிவான பாடம் இல்லை. வினிபெக் அருகே, சுமார் 23 மீட்டர் அகல ராஃப்ட் (முழுக் கட்டடத்துக்கும் ஒரே பலகையாகப் போடும் அடித்தளம்) மேல் கட்டியது. கட்டுமுன் தோண்டிய மட்டத்தில் பலகை வைத்துச் சுமை ஏற்றிச் சோதித்தார்கள், கெட்டியான களிமண் நன்றாகவே தாங்கியது. 1913 அக்டோபரில் கோதுமை நிரப்பியபோது முழுக் கிடங்கும் இறங்கி, ஏறக்குறைய 27 பாகை சாய்ந்துவிட்டது. கீழே இன்னும் மெத்தென்ற களிமண் இருந்தது. சிறிய பலகையின் சுமை அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரைதான் உணரப்படும், 23 மீட்டர் ராஃப்டின் சுமையோ கீழ் அடுக்கு முழுவதையும் அழுத்தியது. பின்னாளில் துளையிட்டு மண்ணை ஆராய்ந்த பெக்கும் பிரையன்டும் 1953இல் வெளியிட்ட கணக்கு, கிடங்கு உடைந்த சுமையோடு நன்றாகவே ஒத்துப்போனது. கிடங்கைப் பாறை வரை தூண்கள் இறக்கி நிமிர்த்திவிட்டார்கள்.

இன்றும் ஒரு பலகைச் சோதனையை மட்டும் செய்துவிட்டுப் பெரிய ராஃப்டுக்கு எண் தருபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே அடுக்கில் என் 11, 13, 9, 12, 14, 31 என்று வருகிறது. எதை எடுப்பது?

முதலில் 31ஐப் போய்ப் பாருங்கள். மூன்று 15 செ.மீ. எண்களும் மாதிரியின் விவரிப்பும் சுக்கான் கல்லையோ சரளையையோ காட்டினால் அது இந்த அடுக்கின் பிரதிநிதி இல்லை. எடுத்துவிடலாம். காரணம் தெரியாமல் எடுக்கக் கூடாது, காரணத்தை ரிப்போர்ட்டில் எழுதவும் வேண்டும்.

மிச்சம் ஐந்தின் சராசரி சுமார் 12. ஐரோப்பிய நெறியான யூரோகோடு 7, உடைவைத் தீர்மானிக்கும் மதிப்பை எச்சரிக்கையோடு கணிக்கச் சொல்கிறது. சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தில் பாதியைக் கழிப்பது ஷ்னைடர் சொன்ன எளிய வழி, இங்கே 11 வரும். கட்டமைப்பு எவ்வளவு மண்ணைச் சராசரியாக்குகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீண்ட பைலின் பக்க உராய்வு பல மீட்டர் மண்ணின் சராசரியை வாங்கும், அங்கே 11 நியாயம். ஒற்றைத் தூணின் சிறிய ஃபூட்டிங், என் 9 வந்த துளைக்கு மேலேயே உட்கார்ந்தால் அதற்கு 9தான்.

மண்ணின் எடை எண்ணில் சிதறல் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும். உராய்வுக் கோணமும் அவ்வளவு மோசமில்லை. நீர் வடியாத வலிமை ஐம்பது விழுக்காடு வரைகூடச் சிதறும். சோதனைக்கு ஒதுக்கும் பணத்தை இதை மனதில் வைத்துப் பிரியுங்கள்.

கரிசல் மண்ணில் என்ன தனியாகப் பார்க்க வேண்டும்?

வீக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் கரிசலில் மே மாதம் துளை போட்டால் என் 25 வந்து ஆளை ஏமாற்றும். அதே மண் ஐப்பசி மழைக்குப் பிறகு பாதிகூட வராது. எனவே ஃப்ரீ ஸ்வெல் சோதனை கட்டாயம் வேண்டும்: சலித்த மண் 10 கிராமைத் தண்ணீரில் ஒன்று, மண்ணெண்ணெயில் ஒன்று என்று போட்டு 24 மணி நேரம் கழித்துக் கன அளவை ஒப்பிடுவது. 50 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் கவலை குறைவு, 100ஐத் தாண்டினால் மேலோட்டமான ஃபூட்டிங் வேண்டாம். ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்த அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற பைல்) இந்த மண்ணுக்காகவே வந்தது.

‘பாறை வந்தாச்சு’ என்று துளையை நிறுத்திவிட்டார்கள். சரியா?

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பது போன்ற சார்னோகைட் பாறை சிதையும்போது, மண்ணுக்குள் உருண்டைக் கற்களை விட்டுவிட்டுத்தான் சிதையும். முட்டியது அடிப்பாறையா, மிதக்கும் கல்லா என்று தெரிய, கோர் பேரலில் (பாறையைத் தண்டாக வெட்டி எடுக்கும் குழாய்) குறைந்தது 3 மீட்டர் பாறைக்குள் போகச் சொல்லுங்கள். வெளியே வந்த துண்டுகளில் 10 செ.மீட்டருக்குக் குறையாதவற்றின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தோடு ஒப்பிடுவதுதான் ஆர்.க்யூ.டி. எனும் பாறைத் தர அளவு. கோர் பெட்டியின் புகைப்படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

போர்ஹோல் இருந்த இடங்களைக் குறித்த வரைபடமும், ஒவ்வொன்றின் தரைமட்டமும் வேண்டும். மனையை உயர்த்திய பிறகு ‘1.5 மீட்டர் ஆழம்’ என்பது எந்த மட்டத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஒவ்வொரு 15 செ.மீட்டருக்குமான அடி எண்ணிக்கை, திருத்தாத என், திருத்திய என் மூன்றும் தனித்தனிப் பத்தியில் வேண்டும். தண்ணீர் மட்டத்தை எந்தத் தேதியில், துளை முடித்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும். துளையிட்ட உடனே அளந்தது, ஊற்றிய தண்ணீரின் மட்டமாகத்தான் இருக்கும். அப்புறம், எஸ்.பி.சி. கணக்கில் போட்ட அகலம், ஆழம், இறக்கம், நீர்மட்டம் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரராக இருந்தால் இந்த நான்கையும் உங்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, அவர் போடும் ஃபூட்டிங்கும் இவையும் ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஆய்வு செய்தவரிடமே புது அளவுக்குக் கணக்கைத் திரும்பப் போட்டு வாங்கலாம், அதற்குப் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை.